எந்த வயதில் மோதவிடுவது? அமெரிக்கக் கால்பந்தில் பிள்ளையைச் சேர்ப்பது குறித்து ஓர் ஒப்பீடு

நாங்கள் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு வடக்கே ஒரு புறநகரில் வசிக்கிறோம். சென்ற கோடையில், நான்காம் வகுப்பை முடித்திருந்த எங்கள் மகன், அருகில் இயங்கும் சிறுவர் விளையாட்டுச் சங்கம் ஒன்றின் விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, நாங்கள் கையெழுத்திட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். அவன் சேர விரும்பியது, தலைக்கவசமும் தோள் கவசமும் அணிந்து, பந்தோடு ஓடுபவனை மோதிக் கீழே சாய்க்கும் ஆட்டம். இங்கே அதை டேக்கிள் ஃபுட்பால் என்கிறார்கள். நம் ஊரில் கால்பந்து என்று சொல்லும் விளையாட்டுக்கு இந்த நாட்டில் சாக்கர் என்று பெயர் என்பதால், குழப்பத்தைத் தவிர்க்க இக்கட்டுரையில் ஃபுட்பால் என்னும் சொல்லை அமெரிக்கக் கால்பந்துக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன்.

அந்தக் கையெழுத்தைப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க எங்களுக்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் படித்ததையும், பயிற்றுநர்களிடமும் பிற பெற்றோரிடமும் கேட்டறிந்ததையும், இதே கேள்வியோடு நிற்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன். எங்கள் முன் இருந்த வழிகள் நான்கு. ஒன்பது, பத்து வயதிலேயே டேக்கிள் ஆட்டத்தில் சேர்ப்பது முதல் வழி. மோதல் இல்லாத ஃப்ளாக் ஃபுட்பாலில் சில ஆண்டுகள் ஆடவிடுவது இரண்டாவது. பள்ளி அணி தொடங்கும் ஏழாம் வகுப்பிலோ, உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டாகிய ஒன்பதாம் வகுப்பிலோ டேக்கிள் ஆட விடுவது மூன்றாவது. ஃபுட்பாலே வேண்டாம் என்று வேறு பக்கம் திருப்புவது நான்காவது. இவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று இணையக்கூடியவை என்பதை முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. ஃபுட்பால் ஆடலாமா கூடாதா என்றே வீட்டில் விவாதித்துக்கொண்டிருந்தோம். எந்த வயதில் மோதத் தொடங்கலாம் என்று கேள்வியை மாற்றிய பிறகுதான் பேச்சு தெளிவடைந்தது.

இந்த விளையாட்டில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவருகிறது என்னும் பேச்சை இங்கே அடிக்கடி கேட்கலாம். எண்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கின்படி, பதினொருவர் ஆடும் ஃபுட்பாலில் 2008-09 கல்வியாண்டில் சுமார் 11.12 லட்சம் மாணவர்கள் இருந்தார்கள், அதுவே உச்சம். 2018-19ல் அது 10.06 லட்சமாகச் சரிந்தது. பெருந்தொற்றால் இரண்டு ஆண்டுகள் கணக்கே எடுக்கப்படவில்லை. 2021-22ல் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் கீழே போய், அடுத்த இரு ஆண்டுகளில் 10.3 லட்சம் வரை மீண்டது. ஆகவே ஃபுட்பால் அழிந்துவருகிறது என்பது மிகைக்கூற்று. இன்றும் உயர்நிலைப் பள்ளி ஆண் மாணவர்கள் மிக அதிகமாக ஆடும் விளையாட்டு அதுதான். ஆனால் பழைய உச்சத்தை அது மீண்டும் எட்டவில்லை. உயர்நிலைப் பள்ளிக்கு முந்தைய சிறுவர் சங்கங்களில் சரிவு இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 1929ல் ஃபிலடெல்ஃபியாவில் தோன்றிய பாப் வார்னர் அமைப்பு, இந்நாட்டுச் சிறுவர் ஃபுட்பாலின் தாய்வீடு போன்றது. 2010க்கும் 2012க்கும் இடையே மட்டும் அதன் சேர்க்கை 9.5 விழுக்காடு குறைந்தது.

அந்தச் சரிவின் காரணத்தைத் தேடினால் ஒரு பிணவறைக்குப் போய்ச் சேர்வோம். பிட்ஸ்பர்க் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டர் 2002ல் ஐம்பது வயதில் இறந்தபோது, அவருடைய மூளையை ஆராய்ந்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு, குத்துச்சண்டை வீரர்களிடம் முன்பு அறியப்பட்டிருந்த ஒரு சிதைவை அதில் கண்டார். சி.டி.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த நோய், தலை திரும்பத் திரும்ப அதிர்வதால் மூளையில் ஒருவகைப் புரதம் படிந்து, பல ஆண்டுகளுக்குப் பின் நினைவையும் மனநிலையையும் நடத்தையையும் சிதைப்பது. இறந்த பின் மூளையை ஆராய்ந்தே இன்றுவரை அதை உறுதிசெய்ய முடிகிறது. ஒமாலுவின் கட்டுரை 2005ல் வெளிவந்தது. அதன் பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீ தலைமையில் நடந்த ஆய்வுகள் ஒவ்வொன்றாக வெளிவர, தாய் தந்தையர் படிவங்களைக் கையெழுத்திடாமல் திருப்பித் தரத் தொடங்கினார்கள். ஆண்டு முழுதும் ஒரே விளையாட்டில் ஊறவேண்டும் என்ற புதிய பழக்கம், செலவு, வீடியோ விளையாட்டு ஆகியவற்றையும் காரணமாகச் சொல்கிறார்கள். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் நான் பேசிய பெற்றோரில் பெரும்பாலானோர் முதலில் தொட்டுக் காட்டியது தலையைத்தான்.

முதல் வழிக்கு வருகிறேன். ஒன்பது வயதில் டேக்கிள் ஆடுவதற்கு ஆதரவாகச் சொல்லப்படுபவை அற்பமானவை அல்ல. அந்தச் சங்கத்தின் பயிற்சியை நான் மூன்று மாலைகள் போய்ப் பார்த்தேன். வேறெந்த விளையாட்டிலும் ஓரமாக நிற்க நேரும் பருமனான சிறுவனுக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. அவன் முன்வரிசையில் நின்று தடுத்தபோது அணியே அவன் பெயரைச் சொல்லிக் கூவியது. தந்தையர் பலர் வேலை முடிந்து நேரே வந்து, ஊதியமின்றிப் பயிற்சி அளித்தார்கள். அந்தப் பரிவை நான் மதிக்கிறேன். சிறுவயதிலேயே சரியாக மோதக் கற்றால்தான் பின்னாளில் அடிபடாமல் ஆட முடியும் என்பது அவர்களின் முதன்மையான வாதம்.

அந்த வாதத்தை எடைபோட எங்களுக்கு உதவிய எண்கள் இரண்டு. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் ஆய்வாளர்கள், 6 முதல் 14 வயது வரையுள்ள ஆட்டக்காரர்களின் பல் கவசத்தில் உணர்கருவி பொருத்தி ஒரு பருவம் முழுவதும் அளந்த முடிவுகள் 2021ல் வெளியாயின. டேக்கிள் ஆடும் பிள்ளை ஒரு பருவத்தில் தலையில் வாங்கிய அதிர்வுகளின் இடைநிலை எண்ணிக்கை 378. ஃப்ளாக் ஆடும் பிள்ளைக்கு 8. எட்டு வயதில் தொடங்கிப் பதின்மூன்று வயது முடிய ஆறு பருவங்கள் ஆடும் பிள்ளை, இந்தக் கணக்கின்படி, உயர்நிலைப் பள்ளி வாசலை மிதிக்கும் முன்பே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அதிர்வுகளைத் தலையில் சுமந்திருப்பான். அவற்றில் பெரும்பாலானவை அவனை மயங்கச் செய்வதில்லை. ஆட்டம் நிற்பதும் இல்லை. மருத்துவர் கண்டறிந்த மூளையதிர்ச்சிகளின் எண்ணிக்கையைவிட, ஆயுள் முழுதும் தலை தாங்கிய மொத்த விசைதான் சி.டி.இ.யோடு நெருங்கிய தொடர்புடையது என்று 2023ல் வந்த ஆய்வு சொல்வதால், இந்தச் சத்தமில்லாத அடிகளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

இரண்டாவது எண், ஆடிய ஆண்டுகளைப் பற்றியது. இறந்துபோன 266 ஆட்டக்காரர்களின் மூளைகளை ஆராய்ந்து 2019ல் வெளியிட்ட கட்டுரையில், டேக்கிள் ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் சி.டி.இ. இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுவதாகப் பாஸ்டன் குழுவினர் கணித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அவர்களே வெளியிட்ட மற்றொரு ஆய்வில், பன்னிரண்டு வயதுக்கு முன் டேக்கிள் தொடங்கியவர்களுக்கு அறிவாற்றல் சார்ந்த அறிகுறிகள் சராசரியாகப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னதாகவே தோன்றியிருந்தன.

இங்கே ஒரு நேர்மையான எச்சரிக்கை தேவை. மூளை வங்கிக்கு மூளையைத் தானமாகத் தருபவை, பெரும்பாலும் இறந்தவரிடம் ஏதோ கோளாறைக் கண்ட குடும்பங்கள். 2017ல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், தொழில்முறை லீகில் ஆடிய 111 பேரில் 110 பேருக்கு நோய் இருந்தது என்பதை, ஆடிய எல்லாருக்கும் அது வரும் என்று படிப்பது தவறு. அதே ஆய்வில் உயர்நிலைப் பள்ளியோடு நிறுத்திக்கொண்ட 14 பேரில் மூவருக்கு மட்டுமே, அதுவும் லேசான நிலையில், அது காணப்பட்டது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1957ல் பள்ளி முடித்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவந்த நீண்ட ஆய்வில், ஃபுட்பால் ஆடியவர்களுக்கும் ஆடாதவர்களுக்கும் அறுபத்தைந்து வயதில் நினைவாற்றலிலோ மனச்சோர்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஐம்பதுகளின் ஆட்டமும் இன்றைய ஆட்டமும் ஒன்றல்ல. உடல்களும் வேகமும் வேறு. ஆயினும் உயர்நிலைப் பள்ளியில் நான்கு ஆண்டுகள் ஆடுவதையும், எட்டு வயதிலிருந்து பத்து ஆண்டுகள் ஆடுவதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதை இந்த இரண்டு வகைச் சான்றுகளும் சேர்ந்தே சொல்கின்றன.

சரியாக மோதக் கற்பது என்னும் வாதத்துக்கு மீண்டும் வந்தால், தோளால் சாய்ப்பது, தலையை விலக்கி வைப்பது, கால்களை எப்படி நகர்த்துவது ஆகியவற்றைத் திண்டுகளை வைத்துக் கற்பிக்கலாம். அதற்காக வாரந்தோறும் சக சிறுவன் மீது பாய வேண்டியதில்லை. சென்ற ஆண்டு ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா, இளமையில் கபடி ஆடியவர், ஒரு பயிற்சியைப் பார்த்துவிட்டு, பிடிப்பவன் இங்கே தலையை முன்னால் கொடுக்கிறானே என்று வருந்தினார். அந்தப் பயிற்றுநரும் தலையைக் கொடுக்காதே என்றுதான் கத்திக்கொண்டிருந்தார். ஒன்பது வயதுப் பிள்ளையின் கழுத்து, கனமான கவசம் அணிந்த தலையை ஓட்டத்தின் நடுவே நிமிர்த்திப் பிடிக்கும் அளவுக்கு வலுவுடையது அல்ல. கவசம் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. தலைக்கவசத்தின் மேல் பொருத்தும் மெத்தை உறைகளையும் சிலர் பரிந்துரைத்தார்கள். விஸ்கான்சின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வில், அவை மூளையதிர்ச்சியைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

சிறுவர் சங்கங்கள் கைகட்டி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாப் வார்னர் 2012ல் பயிற்சியின்போது முழு மோதலுக்கு வரம்பு விதித்தது. 2016ல் மிக இளைய பிரிவுகளில், இரு அணிகளும் முழு வேகத்தில் எதிரெதிரே ஓடிவரும் தொடக்க உதையை நீக்கியது. கலிஃபோர்னியாவில் 2021 முதல் சிறுவர் அணிகள் வாரத்துக்கு இரண்டு நாள்கள், நாளுக்கு முப்பது நிமிடங்கள் மட்டுமே முழு மோதல் பயிற்சி செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே டேக்கிளை முழுமையாகத் தடுக்க அங்கே முன்வைக்கப்பட்ட மசோதாவை, கையெழுத்திட மாட்டேன் என்று ஆளுநர் 2024 சனவரியில் அறிவித்ததோடு அது நின்றுபோனது. பெற்றோரின் உரிமையில் அரசு தலையிடக் கூடாது என்பவர்களின் பக்கம் நியாயம் இருக்கலாம். அப்படியானால் அந்த உரிமையைக் கவனமாகப் பயன்படுத்தும் பொறுப்பும் பெற்றோருக்கே வந்து சேர்கிறது. நாங்கள் முதல் வழியை விலக்கினோம்.

ஃப்ளாக் ஆட்டத்தில் இடுப்புப் பட்டையின் இருபுறமும் துணிநாடாக்கள் தொங்கும். பந்தோடு ஓடுபவனின் நாடாவை இழுத்துவிட்டால் ஆட்டம் நிற்கும். தலைக்கவசம் கிடையாது; மோதித் தள்ளுவது விதிமீறல். பந்தை எறிவது, பிடிப்பது, எதிராளியை ஏமாற்றி வளைந்தோடுவது, திட்டம் வகுப்பது ஆகிய எல்லாமே இதில் உண்டு. 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளில் டேக்கிள் ஆடுபவர்களைவிட ஃப்ளாக் ஆடுபவர்கள் அதிகமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பதினான்கு வயது வரை ஃப்ளாக்கே பொது வழக்கமாக வேண்டும் என்று ஆஸ்பென் என்னும் கொள்கை ஆய்வு நிறுவனம் 2018ல் பரிந்துரைத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2015ல் வெளியிட்ட அறிக்கை, டேக்கிளைத் தடைசெய்யச் சொல்லவில்லை. மோதல் இல்லாத லீகுகளைப் பெருக்குவதையும், ஆட்டக்களத்தில் பயிற்சி பெற்ற காய மருத்துவ உதவியாளரை வைப்பதையும் வலியுறுத்தியது.

ஃப்ளாக்கில் காயமே படாது என்று யாரும் நம்பிச் சேர்க்க வேண்டாம். அயோவா பல்கலைக்கழகத்தினர் இரண்டாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை ஒப்பிட்டு 2017ல் வெளியிட்ட ஆய்வில், மொத்தக் காயங்களின் விகிதம் ஃப்ளாக்கில் அதிகமாகவே இருந்தது. மூளையதிர்ச்சியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இதை என்னிடம் சுட்டிக்காட்டிய டேக்கிள் பயிற்றுநருக்கு நான் நன்றியுடையவன். அவர் சொல்லாவிட்டால் நான் தேடியிருக்க மாட்டேன். விரல் சுளுக்குவதும், கவசமில்லாத நெற்றிகள் எதிர்பாராமல் முட்டிக்கொள்வதும் நேரத்தான் செய்யும். ஆனால் அந்த ஆய்வு எண்ணியது காயங்களை, சி.டி.சி. எண்ணியது அதிர்வுகளை. பருவத்துக்கு எட்டு என்பதற்கும் முந்நூற்று எழுபத்தெட்டு என்பதற்கும் உள்ள தூரத்தை, சுளுக்கிய விரலின் கணக்கு அழித்துவிடாது என்பது என் முடிவு.

ஃப்ளாக்கின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. முன்வரிசையில் நின்று தடுக்கும் வேலைக்கு அதில் இடம் குறைவு. ஒல்லியாக, வேகமாக ஓடும் பிள்ளைகளுக்கே அது இனிக்கும். நான் முன்பு சொன்ன பருமனான சிறுவன் அங்கே மீண்டும் ஓரத்துக்குப் போய்விடுகிறான். உங்கள் பிள்ளை அப்படிப்பட்டவன் என்றால் மல்யுத்தம், குண்டெறிதல் போன்றவற்றையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

மறுபுறம், பெண் பிள்ளைகளுக்கு ஃப்ளாக் திறந்துவிட்டிருக்கும் கதவு மிகப் பெரியது. உயர்நிலைப் பள்ளிகளில் ஃப்ளாக் ஆடும் மாணவியர் 2022-23ல் ஏறத்தாழ 21,000 பேர். அடுத்த ஆண்டே அது இருமடங்காகி 43,000ஐத் தொட்டது. கலிஃபோர்னியா, ஜார்ஜியா, ஃபுளோரிடா உள்ளிட்ட மாநிலங்கள் அதைப் பள்ளிகளுக்கிடையிலான முறையான போட்டியாக ஏற்றுள்ளன. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃப்ளாக் ஃபுட்பாலைச் சேர்க்கும் முடிவு 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் குழுவின் அமர்வில்தான் எடுக்கப்பட்டது. நம் வீடுகளில் கொண்டாடிய கிரிக்கெட்டின் மறுவருகையும் அதே அமர்வின் முடிவு. இரண்டாம் வகுப்பில் இருக்கும் என் மகளும் அண்ணனோடு நாடாப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்பதற்கு இப்போது எங்களிடம் மறுப்பு ஏதும் இல்லை.

மூன்றாவது வழியில்தான் நாங்கள் மிக அதிக நேரம் செலவிட்டோம். டெக்சாஸில் பொதுப் பள்ளிகள் ஏழாம் வகுப்பிலேயே டேக்கிள் அணிகளைத் தொடங்குகின்றன. விளையாட்டு என்பது பள்ளி நேரத்துக்குள்ளேயே ஒரு பாடவேளையாக இருக்கும். பயிற்றுநர்கள் பள்ளியின் ஊழியர்கள். பள்ளிப் போட்டிகளை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பின் விதிப்படி, போட்டிப் பருவத்தில் ஒரு மாணவனுக்கு வாரந்தோறும் தரக்கூடிய முழு மோதல் பயிற்சிக்கு நேர வரம்பு உண்டு. 2011ல் இயற்றிய மாநிலச் சட்டத்தின்படி, மூளையதிர்ச்சி என்று சந்தேகம் எழுந்தாலே மாணவனை அன்றே ஆட்டத்திலிருந்து நீக்க வேண்டும். மருத்துவரின் எழுத்துபூர்வ அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் இன்றி அவன் களத்துக்குத் திரும்ப முடியாது. இத்தகைய சட்டங்களுக்கு முன்னோடி, 2006ல் பதின்மூன்று வயதில் அடிபட்ட பின்னும் ஆட்டத்துக்குத் திரும்பி, உயிருக்குப் போராடி, நீண்டகால ஊனத்தோடு பிழைத்த ஸாக்கரி லிஸ்டெட் என்னும் சிறுவனின் பெயரால் வாஷிங்டன் மாநிலம் 2009ல் கொண்டுவந்த சட்டம். டெக்சாஸ் சட்டம் பள்ளிகளுக்கானது என்பதால், வார இறுதிச் சங்கத்தில் ஆடும் சிறுவனைவிடப் பள்ளி அணியில் ஆடும் மாணவனுக்குக் காப்பு கூடுதல்.

அப்படியிருக்க, ஏழாம் வகுப்பா ஒன்பதாம் வகுப்பா? ஏழாம் வகுப்புக்கு ஆதரவாக நிற்பது நட்பு. வகுப்புத் தோழர்கள் எல்லாரும் அப்போது சேர்கிறார்கள். எதிராக நிற்பது உடல். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரே வகுப்பில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், அடுத்தவன் இன்னும் குழந்தையாகவே இருப்பான். எடைக்கும் எடைக்கும் இவ்வளவு வேறுபாடு வேறு எந்த வயதிலும் காண்பது அரிது. பள்ளி அணியில் எடைப் பிரிவும் இல்லை. எங்கள் பிள்ளை மெதுவாக வளரும் மரபைச் சேர்ந்தவன். அதனால் ஏழு, எட்டாம் வகுப்புகளில் விளையாட்டுப் பாடவேளையில் நெடுந்தொலைவு ஓட்டமோ கூடைப்பந்தோ ஆடிவிட்டு, ஒன்பதில் முடிவெடுக்கலாம் என்று எண்ணினோம். அவ்வளவு தாமதித்தால் பின்தங்கிவிடுவான் என்று பலர் எச்சரித்தார்கள். இந்த விளையாட்டில் எவரையும்விட அதிகமான கோப்பைகளை வென்ற டாம் பிரேடி, ஒன்பதாம் வகுப்பில்தான் முதன்முதலாக அணியில் சேர்ந்தார். எல்லாப் பிள்ளைகளும் பிரேடி ஆகிவிடப் போவதில்லை. உயர்நிலைப் பள்ளியில் ஆடுபவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்கே கல்லூரி அணிகளில் இடம் கிடைக்கிறது. உதவித்தொகையை எண்ணி எட்டு வயதில் தொடங்குவதற்கு அந்தக் கணக்கும் இடம் தரவில்லை.

சேர்க்கை குறைவது என்பது, செய்தித்தாளில் படித்துவிட்டுக் கடந்துபோகும் விஷயமாகவே எனக்கு இருந்தது. அது எங்கள் முடிவையே பாதிக்கும் என்பதை ஒரு பள்ளியின் பயிற்றுநர் விளக்கிய பிறகே உணர்ந்தேன். வளமான பள்ளியில் தாக்கும் அணிக்கும் தடுக்கும் அணிக்கும் வெவ்வேறு மாணவர்கள் இருப்பார்கள். முதலாண்டு மாணவர்களுக்கென்றே தனி அணியும் இருக்கும். ஆள் குறைந்த பள்ளியில் அதே பதினைந்து, இருபது பேர் இரு பக்கமும் ஆட வேண்டும். நான்காவது கால்பகுதியில் களைத்துப்போன பையன் கற்ற முறையில் மோதுவதில்லை. விழுகிறான், அல்லது தலையைக் கொடுக்கிறான். அடிபட்டவனுக்கு மாற்று ஆள் இல்லாதபோது, தலைவலியை மறைத்துக்கொண்டு களத்துக்குத் திரும்பச் சொல்லி அவன் மனமே அவனை நெருக்கும். இளையோர் அணி கலைந்துவிட்டால், பதினான்கு வயதுப் பையன் பதினேழு வயது இளைஞனின் எதிரே நிற்க நேரும். மேரிலாந்து மாநிலத்தின் ஹோவர்ட் கவுன்டி வசதியான பகுதி. அங்குள்ள சென்டெனியல் உயர்நிலைப் பள்ளி, போதிய ஆள் இல்லாமல் 2017ல் முதன்மை அணியையே களமிறக்காமல் விட்டது. செய்தி கேட்டபோது பரிதாபமாக இருந்தது. இப்போது அது பொறுப்பான முடிவாகவே படுகிறது.

ஆள் குறைந்த பள்ளிகளுக்கு வேறு ஏற்பாடுகளும் உண்டு. பெருமந்தக் காலத்தில், 1934ல், நெப்ராஸ்காவின் செஸ்டர் என்னும் ஊரில் ஸ்டீஃபன் எப்லர் என்ற ஆசிரியர் உருவாக்கிய அறுவர் ஆட்டம், மேற்கு டெக்சாஸின் சிற்றூர்களில் இன்றும் வெள்ளிக்கிழமை இரவுகளை நிறைக்கிறது. திடல் எண்பது கெஜ நீளமும் நாற்பது கெஜ அகலமும் கொண்டது; ஆறு பேருமே பந்தைப் பிடிக்கலாம்; ஓட்டம் மிகுதி. வேறு மாநிலங்களில் எண்மர் ஆட்டமும், மினசோட்டாவில் ஒன்பதின்மர் ஆட்டமும் உள்ளன. பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்து ஒரே அணியாவதும் பல மாநிலங்களில் நடைமுறை. சிற்றூரில் வாழும் குடும்பத்துக்கு, பதினைந்து பேரை வைத்துக்கொண்டு பதினொருவர் ஆட்டத்தை வலிந்து நடத்தும் பள்ளியைவிட, அறுவர் ஆட்டத்துக்கு மாறிக்கொண்ட பள்ளியே மேலான தேர்வு என்று சொல்வேன். ஆனாலும் திறந்த வெளியில் முழு வேகத்தில் நேரும் மோதல் அங்கேயும் உண்டு. அதை லேசான ஆட்டம் என்று எண்ணிவிடக் கூடாது.

நான்காவது வழியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனெனில் நம்மவர்களில் பெரும்பாலோர் யோசிக்காமலேயே எடுப்பது அதுதான். சாக்கர், டென்னிஸ், நீச்சல், பள்ளியின் அணிவகுப்பு இசைக்குழு ஆகிய எல்லாமே நல்லவை. சாக்கரிலும் தலைக்கு ஆபத்து உண்டு. அதனால்தான் அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பு 2015ல் பத்து வயது வரை தலையால் முட்டுவதைத் தடைசெய்து, அதற்கு மேல் சில ஆண்டுகள் கட்டுப்படுத்தியது. டெக்சாஸில் அணிவகுப்பு இசைக்குழுவில் சேர்ந்தால் உடற்கல்விப் பாடத்துக்கான மதிப்பும் கிடைக்கும். வெள்ளி இரவு அதே திடலில், அதே விளக்கொளியில் நிற்கவும் முடியும். பிள்ளைக்கு ஃபுட்பாலில் விருப்பமே இல்லை என்றால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. விருப்பம் இருக்கும்போது, விசாரிக்காமல் படிப்பைக் காட்டி மறுத்துவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தான் பிறந்த ஊரின் விளையாட்டில் தனக்கும் இடம் உண்டு என்று நம்பித்தான் அவன் அந்தப் படிவத்தைக் கொண்டுவருகிறான்.

இதில் என்னை உறுத்தும் வேறொன்றும் உண்டு. வசதியும் தகவலும் உள்ள குடும்பங்கள் விலகிக்கொள்ள முடிகிறது. வேறு வாய்ப்பு குறைந்த பகுதிகளில், கறுப்பினப் பிள்ளைகள் அதிகம் வாழும் இடங்களில், டேக்கிள் அணியே மாலை நேரத்துக்குப் பாதுகாப்பான ஒரே இடமாகவும் கல்லூரிக்குக் கண்ணில் தெரியும் ஒரே பாதையாகவும் இருக்கிறது. நாம் விலகுவதோடு நம் கவலையும் விலகிவிடக் கூடாது. முழுநேரக் காய மருத்துவ உதவியாளர் எல்லாப் பள்ளிகளுக்கும் வேண்டும் என்று பள்ளி வாரியக் கூட்டத்தில் கேட்பதற்கு, நம் பிள்ளை அணியில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எங்கள் முடிவு இது. எட்டாம் வகுப்பு முடியும் வரை அவன் ஃப்ளாக் ஆடுவான். ஏழாம் வகுப்பில் பள்ளி தரும் டேக்கிள் படிவத்தில் கையெழுத்திட மாட்டோம் என்பதை இப்போதே அவனிடம் சொல்லிவிட்டோம், அன்று ஏமாறாமல் இருக்க. ஒன்பதாம் வகுப்புக்கு முந்தைய வசந்தத்தில், அவனுக்கு அப்போதும் விருப்பம் இருந்தால், மூவரும் அமர்ந்து பள்ளியிடம் கேட்க வேண்டியவற்றையும் எழுதி வைத்திருக்கிறோம். முதலாண்டு அணியில் எத்தனை பேர், இரு பக்கமும் ஆட வேண்டியவர்கள் எத்தனை பேர் என்பதே முதல் கேள்வி. பயிற்சிக்கும் போட்டிக்கும் தகுதி பெற்ற காய மருத்துவ உதவியாளர் வருகிறாரா, ஆகஸ்ட் வெயிலில் மயங்கி விழும் பையனை உடனே முக்கி எடுக்கப் பனிநீர்த் தொட்டி திடலிலேயே இருக்கிறதா, அடிபட்டவன் எப்போது திரும்பலாம் என்பதில் பயிற்றுநருக்குப் பேச்சுரிமை உண்டா என்பவை அடுத்தவை. முதலாண்டு அணியில் இருப்பவர்கள் இருபத்தைந்து பேருக்குக் கீழே இருந்தால், மற்ற விடைகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மறுப்பது என்று நானும் என் மனைவியும் பேசி வைத்திருக்கிறோம். இருபத்தைந்து என்பது எந்த ஆய்விலும் இல்லை. அந்தப் பயிற்றுநரோடு பேசிய பிறகு நாங்களாகப் போட்டுக்கொண்ட கோடு.

இதை மகனிடம் சொன்ன மாலையில் அவன் அழுதான். மறுவாரம் ஃப்ளாக் அணியின் முதல் பயிற்சியில், இடுப்புப் பட்டையை எப்படி இறுக்கினால் நாடா எளிதில் கழலாது என்று கேட்டு, அப்படி இறுக்குவது விதிமீறல் என்று பயிற்றுநரிடம் கற்றுக்கொண்டு வந்தான். இந்த இலையுதிர் காலத்தில் அவனுக்கு இரண்டாவது பருவம் தொடங்குகிறது.